கும்பிடு போட்ட கிடா

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, தேர்தல் நோட்டீஸ் என்று வந்ததையெல்லாம் அடித்துத் தள்ளுகிற அச்சகம். ஒரு நாள் முதலாளி குழந்தைகளுக்குப் படக்கதைப் புத்தகம் போடப்போவதாக அறிவித்தார். குழந்தைகள் மேல் திடீர்ப் பாசம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பள்ளிக்கூடங்களில் அந்த மாதிரி புத்தகம் வாங்குகிறார்கள் என்று எவரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். குறும்பு பண்ணுகிற மிருகம் வேண்டுமாம், சிரிப்பாக இருக்க வேண்டுமாம், எட்டுப் பக்கத்துக்குள் முடிய வேண்டுமாம். எழுத வேண்டியது நான்.

படம் யார் வரைவார்கள் என்று கேட்டேன். மேசை டிராயரை இழுத்துக் காட்டினார். உள்ளே மரக்கட்டையில் தகடு அடித்த, படம் அச்சடிக்கிற பழைய பிளாக்குகள். பீடி லேபிளுக்குச் செய்த சிங்கம், பட்டாசுக் கட்டுக்குச் செய்த சேவல், மாட்டுத்தாவணி நோட்டீஸுக்குச் செய்த காளை. எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ எடுக்க நிறுத்தியதைப் போல விறைத்துக்கொண்டு நின்றன. இதுகளை வைத்து என்ன குறும்பு செய்வது? கிளறிக் கிளறி ஒரு கிடாவை எடுத்தேன். கிடா விருந்துப் பத்திரிகைக்காகச் செய்தது, கழுத்தில் மாலையோடு. மறுநாள் குழம்பாகப் போகிற ஆடுதான் என் கதாநாயகன். ஆனாலும் பிளாக் செய்தவர் கை தவறியதோ என்னவோ, அதன் முகத்தில் ஒரு திருட்டு முழி இருந்தது. அதற்காகவே எடுத்தேன்.

புதுப் பிளாக் செய்ய முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. எட்டுப் பக்கத்துக்கும் ஒரே கிடா, ஒரே நிற்பு. கதை மாறினால் படம் மாறின மாதிரிதான் என்று எனக்கே இலக்கியம் சொல்லிக்கொடுத்தார். சரி, விடு கழுதையை என்று எழுத உட்கார்ந்தேன். மாலைக்கு ஒரு காரணம் வேண்டுமே. சுவரொட்டியில் மைதாப் பசை நக்கப் போன கிடா, அப்படியே பொதுக்கூட்ட மேடையில் ஏறிவிடுகிறது. அவசரத்தில் யாரோ தலைவருக்கு வந்த மாலையை அதற்குப் போட்டுவிடுகிறார்கள். தலைவரின் பேச்சுத் தாளைத் தின்றுவிட்டு மைக்கின் முன்னால் நின்று கத்துகிறது. கூட்டம் கைதட்டுகிறது. கடைசிவரை ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்தக் கதைக்குக் காரணம் என் மகள். விளாங்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அங்கே தலைமையாசிரியை ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் என்ன தப்புச் செய்தாலும் எல்லார் முன்னாலும் வந்து, கை கும்பிட்டு, ‘இனிமேல் செய்ய மாட்டேன்’ என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். ஒரு நாள் காலை பிரேயரில் நிஜமாகவே ஓர் ஆடு நுழைந்து வருகைப் பதிவேட்டைக் கடித்திருக்கிறது. என் மகள் சிரித்துவிட்டாள். பதிவேட்டைத் தின்ற ஆடு நிம்மதியாக வெளியே போய்விட்டது. சிரித்த பிள்ளை கை கும்பிட்டது. ஏழு வயதுப் பிள்ளையைச் சிரித்ததற்காகக் கும்பிட வைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். பாயில் உருண்டு உருண்டு சிரித்தாள். பிறகு சட்டென்று எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

“அம்மா, இந்தக் கிடா கடைசியில கும்பிடக் கூடாது. என்னய மாதிரி.”

கும்பிடாது என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

முதலாளியும் படித்துவிட்டுத் தொந்தி குலுங்கச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லாம் சரி, எட்டாம் பக்கத்தில் கிடா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். நீதி இல்லாத புத்தகத்தை எந்தப் பள்ளிக்கூடமும் தொடாது என்பது அவர் கட்சி. மூன்று நாள் மல்லுக்கு நின்றேன். சத்தியம் செய்திருக்கிறேன் என்று முதலாளியிடம் சொல்ல முடியுமா? கடைசியில் புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, “கும்பிடுறதுக்குக் கிடாவுக்குக் கை ஏது அண்ணே?” என்றேன். அவர் பிளாக் டிராயரை இழுத்து எதையோ தேட ஆரம்பித்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்து வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் போனால் ஒரு தேர்தல் பிளாக்கை இரும்பு ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பகுதியில் நின்று தோற்ற ஒருவரின் பிளாக் அது. தோளில் துண்டு, வலது மணிக்கட்டில் பெரிய வாட்ச், ஒரே விரலில் இரண்டு மோதிரம், நெஞ்சுக்கு நேரே பெரிய கும்பிடு. தோற்றவர் தலையை அறுத்து எடுத்துவிட்டு, ஏழு பக்கம் அடித்து முடித்திருந்த கிடாவின் தலையை அறுத்து அங்கே பொருத்தினார்.

“தல இல்லாத ஒடம்பு யாருதுன்னு யாருக்கும்மா தெரியப்போகுது?” என்றார்.

அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் வைதேன். மாதச் சம்பளக்காரியின் வீரம் அவ்வளவுதான். ஏழாம் பக்கம்வரை அரசியலைத் தின்ற என் கிடா, எட்டாம் பக்கத்தில் வேட்டி கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

அச்சான பிரதியை மகளிடம் கொடுத்தேன். நேராகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். படம் யாருடையது என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை. கும்பிடு மட்டும்தான் கண்ணில் பட்டது. புத்தகத்தை மூடி என் மடியில் வைத்துவிட்டு, “நீ சத்தியம் பண்ணுன” என்றாள். நாலு நாள் என்னோடு பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டாள், தலையைக் காட்டச் சொன்னால் காட்டினாள், அவ்வளவுதான். எனக்கு வேண்டும், நன்றாக வேண்டும் என்று இருந்தது.

ஐந்தாம் நாள் அவள் பள்ளிக்கூடத்தில் புத்தகம் வழங்கும் விழா. என் புத்தகத்தைத்தான் வாங்கியிருந்தார்கள். எழுதியவள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மேடையில் தலைமை விருந்தினராக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன். அதே துண்டு, அதே வாட்ச், அதே இரண்டு மோதிரம். ஓட்டில் தோற்றவர் பள்ளிக்கூடத்தின் புரவலர் ஆகியிருந்தார்.

புத்தகத்தைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நின்றார். என் வேலை போயிற்று என்று முடிவு செய்துகொண்டேன். அவர் தலைமையாசிரியை பக்கம் திரும்பி, “இந்தப் படந்தான் அருமை. எம்புட்டுப் பணிவா நிக்கிது பாருங்க” என்றார். தலையை எடுத்துவிட்டால் மனுஷனுக்குத் தன்னையே தெரியாது போலிருக்கிறது.

பிள்ளைகள் வரிசையாக வந்து வாங்கிக்கொண்டார்கள். என் மகளின் முறை வந்தது. புத்தகத்தை நீட்டிய கை அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அந்த மோதிரங்களைப் பார்த்தாள். வாட்சைப் பார்த்தாள். அங்கேயே நின்று கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். குபீரென்று சிரித்துவிட்டாள். பின்னால் நின்ற பிள்ளை எட்டிப் பார்த்தது. அதுவும் சிரித்தது. புத்தகம் வாங்கியிருந்த பிள்ளைகளெல்லாம் எட்டாம் பக்கத்தைத் தேட ஆரம்பித்தன.

தலைமையாசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. வழக்கப்படி என் மகளை ஐயா முன்னால் நின்று கும்பிடச் சொன்னார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். ஆனால் அவள் பயப்படவில்லை. நேராகப் போய், அவரைப் பார்த்துக் கை கும்பிட்டு, இனிமேல் சிரிக்க மாட்டேன் என்றாள்.

இத்தனை வருஷம் ஓட்டுக் கேட்ட உடம்பல்லவா அது. எதிரில் ஒரு கும்பிடைக் கண்டதும் தானாக எழுந்தது. தோளில் துண்டோடு, தலையைச் சாய்த்து, நெஞ்சுக்கு நேரே கைகூப்பி நின்றது. எல்லாப் பிள்ளைகள் கையிலும் எட்டாம் பக்கம் விரிந்திருந்தது. கொட்டகையே சிரிப்பில் அதிர்ந்தது. அவர் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு இடது பக்கம் ஒரு கும்பிடு, வலது பக்கம் ஒரு கும்பிடு போட்டார். என் மகள் இரண்டாம் தடவை சொன்னாள். அவரும் கும்பிட்டார். மூன்றாம் தடவையும் சொன்னாள். அவரும் விடவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கிடா கும்பிடலம்மா,” என்றாள். “அவரக் கும்பிட விட்டுட்டு ஓடிருச்சு.”