சத்தத்தைக் கூட்டிவிட்டு அடிப்பவன்

என் கணவன் அடிப்பதற்கு முன்பு டிவியின் சத்தத்தைக் கூட்டுவான். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த கிரவீன் ஊரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு அன்ரிக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மானம் பெரிதல்லவா! குத்துப்பாட்டு அன்ரிக்கு, குத்து எனக்கு. "உங்கட வீட்டில எந்த நேரமும் பாட்டுத்தான் பிள்ளை, சந்தோசமா இருக்கிறியள்" என்பார் அன்ரி. "ஓம் அன்ரி" என்று நானும் பல்லைக் காட்டுவேன். இப்படி ஏழு வருஷம்.

அந்த ஞாயிறு மத்தியானம் இன்டர்நெட் படுத்துவிட்டது, தமிழ்ச் சேனல் வரவில்லை. கறியில் உப்புக் கூடிவிட்டது. அதுதான் என் குற்றம். அன்டெனாவில் வந்த சேனலை அப்படியே விட்டுச் சத்தத்தைக் கூட்டினான். பழைய கறுப்பு வெள்ளை பிரிட்டிஷ் படம். மேடை நாடகத்திலிருந்து எடுத்தது என்று எழுத்துப் போட்டார்கள். ஒரே அறை, ஒரு புருஷன், ஒரு பெண்சாதி. நாடகக்காரரின் தொண்டை, கேட்கவா வேண்டும்! கடைசி வரிசைக்கும் விளங்கக் கத்தினார்கள்.

அவன் என் தலைமயிரைப் பிடித்துக் குசினிக் கதவில் மோதினான். விழுந்ததும் வயிற்றில் உதைத்தான். கையை ஊன்றி எழும்பப் பார்த்தேன், மணிக்கட்டை மிதித்தான். முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வழக்கம்போல நான் வாயைத் திறக்கவில்லை. படத்தில் இருந்தவள்தான், கொல்கிறானே, யாராவது வாருங்களேன் என்று ஆங்கிலத்தில் அலறினாள்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ் கதவைத் தட்டியது. எங்கள் வீட்டில் யாரோ வெள்ளைக்காரப் பெண்ணைக் கொல்கிறார்கள் என்று அன்ரிதான் போன் பண்ணியிருக்கிறார். முறிந்த கையைச் சால்வைக்குள் மறைத்தபடி நான் அவனுக்குப் பின்னால் நின்றேன்.

"படம் ஓடுது, அவ்வளவுதான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தான். போலீஸ்காரியும் டிவியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வருஷம் நான் பட்ட அடிக்கு வராத போலீஸ், நடித்தவளின் அலறலுக்கு வந்து நிற்கிறது! இன்றைக்கு விட்டால் இனி வராது. அவர்கள் படியிறங்கினார்கள்.

"வாயைத் திறந்தியெண்டால் இண்டைக்குத்தான் உன்ர கடைசி நாள்" என்றான் அவன், தமிழில், சிரித்த முகம் மாறாமல்.

நான் அலறினேன். ஏழு வருஷத்துக்கும் சேர்த்து அலறினேன். அன்ரியின் கதவு திறந்தது, எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. போலீஸ்காரி ஓடி வந்து என் தோளைப் பிடித்த பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை.