ஓடைக்கு அந்தப் பக்கம்

வேலுத்தாய் தன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் புருசன் பிள்ளைகளோடு வெளியூர் தங்கப் போனாள். சதுரகிரி மலைக்கு.

ஊர் உலகமெல்லாம் அந்த மலை ஏறுவது ஆடி அமாவாசைக்கு. அவள் ஊர் அச்சங்குளத்தில் பயராபீஸ் என்கிற பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆடியில் ஏது லீவு? தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரிக்கிற சீசன் அது. பண்டிகை முடிந்து கம்பெனியைப் பூட்டிய பிறகுதான் அவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. அதற்குள் மலையில் கூட்டம் வடிந்து மழை தொடங்கிவிடும்.

அவள் புருசன் சங்கிலிமுத்து அங்கே வெடிமருந்து கலக்கிறவன். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் விரல் இடுக்குகளில் அலுமினியப் பொடி மினுங்கும். ரெண்டு வருசமாக அவனுக்கு இரைப்பு. பொடிப் பக்கமே போகக் கூடாது என்றார் சிவகாசி டாக்டர். அவன் தலையாட்டிவிட்டு மறுநாளே கம்பெனி வேன் ஏறினான். அப்படிப்பட்டவன்தான் அந்த ஐப்பசியில் மலைக்குப் போகலாம் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

“நெஞ்சுல பூனை கத்துது. இந்த லட்சணத்துல மலை ஏறப் போறீகளா?” என்றாள் வேலுத்தாய்.

“அங்கன மூலிகைக் காத்துடி. ஏறுனா நெஞ்சு தெளியும்னு சொல்லுதாக. பிள்ளைகளயும் ஒரு இடத்துக்குன்னு நாம எப்பக் கூட்டிட்டுப் போனோம்?”

இரண்டாவது சொன்னதைக் கேட்டதும் அவள் அரிசி அளக்க எழுந்தாள்.

அச்சு ஆபீசில் வேலை பார்த்த மகன் பிரபாகரன் அரிசி, பருப்பு, சட்டியைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டான். பத்தாவது படித்த எழில் தன் புத்தகப் பையில் போர்வைகளைத் திணித்தாள். வத்திராயிருப்பில் இறங்கி, அடிவாரமான தாணிப்பாறையில் டீ குடித்தபோது கடைக்காரர், “மழை பிடிக்கிற நேரம், ஓடையப் பாத்து நடங்க” என்றார். வானம் வெளுத்துத்தான் கிடந்தது.

சங்கிலிமுத்து முதலில் எல்லோருக்கும் முன்னால் நடந்தான். மகளுக்கு மரம் காட்டினான். பேர் தெரியாத மரத்துக்கெல்லாம் அவனே ஒரு பேர் வைத்தான். எழில் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினாள். வேலுத்தாய்க்கே மனசு லேசானது. அப்பன் மகளோடு இப்படி விளையாடி அவள் பார்த்ததில்லை. விடியுமுன் வேன் வந்துவிடும். திரும்பும்போது பேசத் தெம்பிருக்காது.

பாதி மலைகூட ஏறவில்லை. ஓர் ஓடைக்கு முன்னால் இருந்த பாறையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. உதடு கறுத்திருந்தது.

“திரும்பிருவோம்” என்றாள்.

“இம்புட்டுத் தூரம் வந்துட்டா? நான் பிரபாவோட இங்கன இருக்கேன். நீ எழிலக் கூட்டிட்டுப் போயி சாமியப் பாத்துட்டு வா.”

“உங்கள விட்டுட்டா?”

“போடிங்கேன்ல! பிள்ள மூஞ்சியப் பாரு.”

அவன் அதட்டினால் அவள் மீறியதில்லை. கணுக்கால் நனையத் தாயும் மகளும் ஓடையைக் கடந்தார்கள்.

மேலே சாமி கும்பிட்டார்கள். மடத்தில் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். வேலுத்தாய் இலையை அப்படியே மடித்தாள். உச்சியில் மேகம் கறுத்துக் கொட்டத் தொடங்கியதும் மகளை இழுத்துக்கொண்டு இறங்கினாள். வழியெல்லாம் வழுக்கியது. ஓடைக்கு வந்தபோது அங்கே ஓடை இல்லை. செம்மண் நிறத்தில், மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு ஓர் ஆறு போனது.

அந்தப் பக்கம் அதே பாறையில் சங்கிலிமுத்து இருந்தான். முழங்காலில் கையூன்றி, குனிந்து, காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தான். பிரபாகரன் அவன் முதுகைத் தடவியபடி இக்கரையைப் பார்த்து ஏதோ கத்தினான். தண்ணீர் இரைச்சலில் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

வேலுத்தாய் சேலையை வரிந்துகொண்டு இறங்கிவிட்டாள். அவர்களைப் போலவே இக்கரையில் மாட்டிக்கொண்டிருந்த ராஜபாளையத்துக்காரர் சீனிவாசகம் அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

“தாயி, போனா உங்க பொணம்கூடக் கெடைக்காது.”

“விடுங்கய்யா, அங்க அவுகளுக்கு மூச்சு முட்டுது!”

எழில் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அலறினாள். அந்த அலறல்தான் அவளை நிறுத்தியது.

அக்கரையில் பிரபாகரன் சாக்கை அப்படியே போட்டுவிட்டு அப்பனை முதுகில் தூக்கிக்கொண்டான். கூட ஒரு ஆள் தாங்கிப் பிடித்தான். திருப்பத்தில் மறையுமுன் சங்கிலிமுத்து தலையைத் திருப்பி ஒரு கையைத் தூக்கினான். வா என்றானா, வராதே என்றானா, போய்வருகிறேன் என்றானா, அவளுக்குத் தெரியவில்லை.

பொழுது சாய்கையில் தண்ணீர் இறங்கியது. சீனிவாசகமும் இன்னும் சிலரும் கைகோத்து அவர்களைக் கடத்திவிட்டார்கள். அடிவாரத்தில் டீக்கடை பெஞ்சில் அவனைக் கிடத்தி, கடைக்காரரின் வேட்டியால் மூடியிருந்தார்கள். காலடியில் பிரபாகரன் உட்கார்ந்திருந்தான்.

“வண்டி வாரதுக்குள்ள போயிட்டாரும்மா.”

“அப்பா கையைத் தூக்குனாரே, என்னலே சொன்னாரு?”

“மூச்சே இல்லம்மா. எங்கிட்டுப் பேச?”

சாவு விழுந்த துட்டி வீட்டில் சங்கிலிமுத்துவின் அக்காள் ராக்காயி மாரில் அடித்துக்கொண்டு, “எந்தம்பியப் பாதி வழில போட்டுட்டு உனக்குச் சாமி கேட்டுச்சாடி?” என்றாள். “அப்பாதான் போகச் சொன்னாரு அத்தே” என்று எழில் விம்மினாள். வேலுத்தாய் அழவே இல்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் பேசியது. காரியம் முடிந்ததும் பயராபீசில் பட்டாசுக்குத் திரிசொருகும் தன் வேலைக்குத் திரும்பினாள். பக்கத்தில் இருப்பவர்கள் பேசினால் கேட்டுக்கொள்வாள். எழிலைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தவில்லை. பயராபீஸ் வாசலை மிதிக்கவும் விடவில்லை.

அதற்குப் பிறகு ராக்காயி அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. எழில் பன்னிரண்டாவது பாஸான செய்தி கேட்டுத்தான் ஒருநாள் சாயங்காலம் மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தாள். இளைத்திருந்தாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வேலுத்தாய்தான் கேட்டாள்:

“மதினி, நீங்களா இருந்தா அன்னைக்கு அவுக அதட்டுனப்போ சாமி பாக்க மேல போயிருக்க மாட்டீகளா?”

ராக்காயி மிட்டாய்ப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். “போயிருப்பேன்” என்றாள். “சின்னதுலருந்தே அவன் வச்சதுதான் சட்டம். யாரு மீறுனோம்?”

அப்போதுதான் வேலுத்தாய்க்கு அழுகை வந்தது. வயிற்றுக்குள்ளிருந்து, மாடு கதறுகிற மாதிரி வந்தது. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். ராக்காயி தடுக்கவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டு எழுந்து போய், அடுப்பைப் பற்றவைத்து உலை ஏற்றினாள்.