வாசலில் அரிசி தொங்கும் ஊர்

இந்தோனேசியாவில் நாங்கள் ஏழு மாதம் ஒளிந்திருந்த ஊரில் யாரும் உரத்துப் பேச மாட்டார்கள். வேலிச் சண்டை கேட்டு வளர்ந்த யாழ்ப்பாணத்துக்காரியான எனக்கு முதலில் அது பெரிய நாகரிகமாகத் தெரிந்தது. சத்தம் போடாமலும் ஒருவரைச் சாகடிக்கலாம் என்பது பிறகுதான் விளங்கியது.

ஜாவாத் தீவின் நடுவில், மலைச் சரிவில் அந்த ஊர். மேலே மரவள்ளியும் கராம்பு மரங்களும், கீழே படிப்படியாக நெல் வயல். வருடத்தில் இரண்டு போகம், மழை மனம் வைத்தால் மூன்று. வாய்க்கால் ஒன்றுதான். யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் திறப்பது என்று ஒரு மனிதர் முறை வைத்திருந்தார். அவருடைய முகம் சிரித்தால்தான் மற்றவர்களும் சிரித்தார்கள். வீடுகள் ஓடு போட்டவை, தரை சிமெந்து. நடுநடுவே மார்பிள் பதித்த இரண்டு மாடி வீடுகள் பூட்டிக் கிடக்கும். வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் கட்டியவை. கட்டியவர்கள் அங்கே யாருடைய வீட்டையோ துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்களை அங்கே கொண்டுபோய் விட்டது ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன். ஒரு விதவையின் வீட்டுப் பின்னறையில் என்னையும் கணவரையும் இருத்தினான். ஆஸ்திரேலியாவுக்குப் படகு இரண்டு கிழமையில், பதினான்கே நாளில் வரும் என்று சொல்லிவிட்டுப் போனவன் போனவன்தான். அந்தப் பெண் எங்களைத் துரத்தவில்லை. தானும் பதினான்கு வயது மகளும் தின்பதில் பாதியை எங்களுக்கு வைத்தாள். ஊருக்கு யார் வந்தாலும் ஒரு நாளுக்குள் ஊர்த்தலைவருக்கு அறிவிக்க வேண்டும் என்று சட்டம். அவள் அறிவிக்கவில்லை. ஊருக்கு எங்களைத் தெரியும், தெரியாததுபோல இருந்தது. நாங்கள் பகலில் வெளியே தலை காட்டுவதில்லை.

அந்த ஊரில் எனக்குப் புதுமையாக இருந்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசல் நிலையிலும் பாதியாய் வெட்டிய ஒரு சின்னத் தண்ணீர்ப் போத்தல் கம்பியில் தொங்கும். வெயில் இறங்கிய மைமல் பொழுதில் வீட்டுப் பெண்கள் அதில் ஒரு பிடி அரிசி போடுவார்கள். காலையில் பார்த்தால் அரிசி இருக்காது. சனிக்கிழமை காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் வீட்டில் வளர்ந்தவள் நான். குருவிக்குத்தான் வைக்கிறார்கள், புண்ணியம் தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முஸ்லிம் சனம் குருவிக்கு ஏன் படைக்கப் போகிறது என்று யோசிக்கவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை.

நான்காம் மாதம் கணவருக்குக் காய்ச்சல் கண்டது. எலும்பெல்லாம் முறிக்கிற காய்ச்சல். மரவள்ளியைக் கண்டாலே சத்தி எடுத்தார். அந்தப் பெண்ணிடம் இன்னும் அரிசி கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே அளந்துதான் உலையில் போட்டாள். அன்று மைமலில் மகள் போத்தலில் அரிசி போட்டுவிட்டு உள்ளே போனதும், நான் போய் அதை என் சீலைத் தலைப்பில் கொட்டிக்கொண்டு வந்தேன். குருவி ஒரு நாள் பட்டினி கிடந்தால் செத்துவிடாது. பின்னடுப்பில் கஞ்சி வைத்தேன். அவர் குடித்தார், வயிற்றில் தங்கியது.

அடுத்த நாளும் எடுத்தேன். அதற்கடுத்த நாளும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, இரவில் வாசல் பக்கப் பலகை இடுக்கால் பார்த்தேன். இரண்டு ஆண்கள் சாக்கோடு வந்தார்கள். அடுத்த வீட்டுப் போத்தலைச் சாக்கில் கவிழ்த்தார்கள். எங்கள் வாசலில் நின்று போத்தலைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், போய்விட்டார்கள். இது குருவிக்கு இல்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஒரு கிழமைக்கு மேல் எடுத்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதில் அர்த்தமே இல்லை. தெரியாமல் செய்த பிழை அந்த முதல் நாட்களோடு முடிந்துபோனது. மிச்சமெல்லாம் களவு.

அந்த அரிசி ஊரின் பொது அரிசி. செத்த வீட்டுக்கும், நோய் வருத்தக்காரருக்கும், உடைந்த வாய்க்காலுக்கும் அதிலிருந்துதான் போகும். ஒரு பிடி போடாத வீடு ஊரோடு இல்லை என்று அர்த்தம். வாய் திறந்து யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். செய்துதான் காட்டுவார்கள்.

செய்தது நாற்று நடும் நாளில். அங்கே நடுகை கூலிக்கு அல்ல. இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று பெண்கள் எல்லோரும் வரிசையாக நின்று பின்னுக்கு நடந்தபடி நடுவார்கள். அந்தப் பெண் முதல் நாளே நாற்றைப் பிடுங்கிக் கட்டி வரம்பில் வைத்திருந்தாள். பெரிய பானையில் தேநீரும் இருபது பேருக்குச் சாப்பாடும் செய்து வைத்தாள். விடிந்தது. ஒருத்தியும் வரவில்லை. வெயில் ஏறியபோது தாயும் மகளுமாக இறங்கி நட்டார்கள். வரம்பால் போன பெண்கள் நின்று, சிரித்து, "நடுகிறீர்களா?" என்று அன்பாகக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவளும் சிரித்து, "ஓம், நடுகிறோம்" என்றாள். மூன்று நாள் இப்படி. பாதி வயல் நட்டு முடிய, மீதி நாற்று வரம்பிலேயே மஞ்சளாகிக் கருகியது. இருபது பேருக்குச் செய்த சோற்றை எங்களுக்குத் தந்தாள். நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள் ஊர்த்தலைவர் வந்தார். நான் பின்னறையில் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தேன். கணவர் காய்ச்சல் விட்ட அசதியில் தூங்கினார். தலைவர் மழையைப் பற்றிப் பேசினார், உரவிலையைப் பற்றிப் பேசினார், தேநீரை மெல்லக் குடித்தார். எழும்பும்போதுதான், உங்கள் வாசல் போத்தல் ஓட்டை போலிருக்கிறது, வேறு ஒன்று மாற்றலாமே என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போனது. அரிசி போடுவது மகளின் வேலை. மகளைக் கூப்பிட்டாள். அந்தச் சிறுமி நின்ற இடத்திலிருந்து பின்னறைத் திரை தெரியும். திரைக்குள் நான் தெரிவேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் எடுத்ததை அவள் எப்போதோ கண்டிருக்கிறாள் என்று அந்தப் பார்வையிலேயே விளங்கியது. நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று.

"நான்தான் எடுத்தேன். பள்ளிக்கூட வாசலில் தின்பண்டத்துக்கு மாற்றினேன்," என்றாள்.

தாய் தலைவருக்கு முன்னாலேயே ஈர்க்குக்கட்டால் அடித்தாள். கையில், காலில், முதுகில். அடி விழ விழத் தலைவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளின் தலையில் அரிசித் தட்டை வைத்து, வீடு வீடாகக் கூட்டிப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் மகள் முழங்காலில் நின்று, நான் கள்ளி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போத்தலில் ஒரு பிடி போட வேண்டும். எல்லோரும் சிரித்த முகத்தோடு மன்னித்தார்களாம். அடுத்த போகத்துக்கு நடவும் வந்தார்கள்.

நான் வெளியே வந்து உண்மையைச் சொல்லியிருந்தால், அறிவிக்காமல் ஆட்களை வைத்திருந்த குற்றம் தாய்க்கு வந்திருக்கும், எங்களைப் பொலிஸ் கொண்டுபோயிருக்கும். இது நல்ல சாட்டு. ஆனால் தலைவர் போன பிறகு தாயிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். அதற்கு எந்தப் பொலிஸும் வந்திராது. அதன் பிறகு மூன்று மாதம் அவளுடைய சோற்றைத் தின்றேன், சொல்லவில்லை.

படகு வரவேயில்லை. வேறு பாதைகளால் அலைந்து லண்டன் வந்து சேர்ந்தோம். இப்போது கோலியர்ஸ் வுட்டில் சொந்த வீடு. கணவர் ரயிலில் ஷிப்ட் வேலை, நான் பள்ளிக்கூடக் கன்டீனில். ஹரோவில் சொந்தக்காரர் யாருடைய பிறந்தநாள் என்றாலும் கணவர் இரண்டாவது கிளாஸுக்குப் பிறகு கஞ்சிக் கதையைத் தொடங்கிவிடுவார். "எங்கயிருந்து அரிசி எடுத்தவ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. இவ இல்லாட்டி நான் இல்லை," என்பார். என் பிள்ளைகளுக்கு அந்தக் கதை மனப்பாடம். என்னை அவர்கள் மதிப்பதே அந்தக் கதையால்தானோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

போன கோடையில் கணவர் அந்த ஊர்ப் படம் ஒன்றை என் பெயரையும் சேர்த்துப் பேஸ்புக்கில் போட்டார். இரண்டு நாளில் எனக்கு ஒரு செய்தி வந்தது. அந்தச் சிறுமிதான். முப்பதை எட்டிவிட்டாள். வளைகுடாவில் ஒரு பணக்கார வீட்டில் வேலை. அவர்கள் கோடைக்கு லண்டன் வரும்போது பிள்ளைகளைப் பார்க்க அவளையும் கொண்டுவந்திருக்கிறார்கள். அக்கா, உங்களைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். கணவரிடம் நான் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை பின்னேரம் ஹைட் பார்க்கில் சந்தித்தோம். இரண்டு பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்திருந்தாள். தாயின் முகம் அப்படியே. நான் ஒரு பையில் புட்டும் கோழிக்கறியும், எனக்கு இறுக்கமாகிப் போன குளிர்க் கோட்டும் கொண்டுபோயிருந்தேன். அவளுடைய மொழி எனக்குப் பாதி மறந்துவிட்டது. அவள் மெதுவாகப் பேசினாள். அடுத்த வருடமே அவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்திவிட்டார்களாம். கள்ளி என்று பெயர் வந்த பெண்ணை யாரும் கலியாணம் கேட்டு வரவில்லையாம். அதனால்தான் வெளிநாட்டு வேலை. தாய் இரண்டு வருடத்துக்கு முன் செத்துப்போனாள்.

"அம்மா கடைசிவரை நான்தான் எடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை, அக்கா. பயப்படாதீர்கள்," என்றாள்.

என்னை ஆறுதல்படுத்தத்தான் சொன்னாள். எனக்கு அது மிரட்டலாகக் கேட்டது.

பிறகு சட்டைக் கையை மேலே இழுத்தாள். மணிக்கட்டுக்கு மேலே அயர்ன் பெட்டியின் முனை பதிந்த அடையாளம், இன்னும் ஆறவில்லை. பாஸ்போர்ட் எஜமானியிடம். ஞாயிற்றுக்கிழமை விமானம். வீட்டு வேலைப் பெண்களுக்கு உதவுகிற ஓர் இடத்தோடு பேசிவிட்டாள். அவர்கள் திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வெளியேறினால் இடையில் மூன்று நாள் தங்க வேண்டும். லண்டனில் அவளுக்குத் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

"மூன்று நாள் மட்டும், அக்கா. தரையில் படுத்துக்கொள்வேன். சத்தமே போட மாட்டேன்."

எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. ஓடாத டிரெட்மில்லில் நான் சீலை காயப் போடுகிற அறை. ஆனால் அவள் வந்தால் கணவர் அவளை விட்டு நகரமாட்டார். இருத்தி வைத்து, சாப்பாடு போட்டு, அந்தக் காலத்துக் கதையெல்லாம் கேட்பார். அரிசி எங்கே கிடைத்தது என்று ஒரு தடவை கேட்டால் போதும். அவள் பொய் சொல்லுவாள், எனக்குத் தெரியும். ஆனால் என்னைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லுவாள். அந்தப் பார்வையை என் பிள்ளைகள் காண்பார்கள்.

"எங்கள் வீடு கவுன்சில் வீடு, அரசாங்கம் தந்தது," என்றேன். "கூட ஒரு ஆள் இருந்தால் பறித்துவிடுவார்கள். என் கணவரும் ஒத்துக்கொள்ள மாட்டார். மிகவும் கோபக்காரர்."

அவள் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டாள். பிறகு சிரித்தாள். வரம்பில் நின்று அவளுடைய தாய் சிரித்த அதே சிரிப்பு. பரவாயில்லை, அக்கா, உங்களுக்குக் கஷ்டம் வேண்டாம் என்றாள். என் கையை எடுத்துத் தன் நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். பெரியவர்களுக்கு அங்கே அப்படித்தான் மரியாதை செய்வார்கள். கோட்டை அப்போதே போட்டுக்கொண்டு, வெயிலுக்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் போனை நிறுத்தி வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் கணவர் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றாமலேயே குசினிக்குள் வந்தார். கையில் போன். அவர் போட்ட படத்துக்குக் கீழே அவள் ஞாயிற்றுக்கிழமை எழுதியிருந்தாள்: சாப்பாட்டுக்கும் கோட்டுக்கும் அக்காவுக்கு நன்றி, திரும்பிப் போகிறேன்.

"அந்தப் பிள்ளை லண்டனிலையே நிண்டது? நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கு ஷிப்ட். அவ ஒரு பெரிய பணக்கார வீட்டுக்காரரோடை வேலையா வந்தவ. சும்மா ஒரு அரை மணித்தியாலம்தான் கண்டனான்."

"வீட்டை கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே. அறை சும்மா கிடக்கு. ஒரு கிழமை, ஒரு மாதம் எண்டாலும் வச்சிருந்திருப்பனே. ஏழு மாதம் எங்களுக்குச் சோறு போட்ட வீட்டுப் பிள்ளையெல்லே?" அவருடைய கண் கலங்கியிருந்தது. நம்பரைக் கேட்டார். கொடுத்தேன். மூன்று தடவை அடித்துப் பார்த்தார். அந்த நம்பர் பாவனையில் இல்லை என்றது.

"நீர் வா எண்டு கேட்டனீரோ?"

"கேட்டனான்," என்றேன். "எவ்வளவோ கேட்டுப் பார்த்தனான். அவதான் வரமாட்டன் எண்டிட்டா."

அவர் போனை மேசையில் வைத்துவிட்டு இருந்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"பெரிய இடத்திலை வேலை எண்டவுடனை எங்களையெல்லாம் மதிக்கேல்லைப் போலை," என்றார்.

"ஓம்," என்றேன். "அப்பிடித்தான் எனக்கும் பட்டது."