ஆறுதலின் இரண்டு பாட்டு

"வயசு சொல்லுங்க. நோயா, திடீர்னா?"

கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கேட்பார். அளவெடுக்கும் தையல்காரர்கூட ஆளை ஒருதரம் நிமிர்ந்து பார்ப்பார், இவர் பார்க்கமாட்டார். எங்கள் அச்சகத்தில் நினைவு அட்டைகளுக்குப் பாட்டு எழுதுகிறவர். நாங்கள் வைத்த பெயர் 'ஆறுதல்'. பக்கத்து மேசையில் அட்டை வெட்டுகிறவள் நான். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

அச்சாகி வரும் முதல் அட்டையைக் கன்னத்தில் வைத்துச் சூடு பார்ப்பார். மசி காயாமல் எத்தனையோ நாள் எழுத்தைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார். யார் இறந்தாலும் பாட்டு ஒன்றுதான்:

களைத்துத் தூங்கிய பிள்ளையைத் தோளில் போட்டு
வீட்டுக்குக் கொண்டுபோனான் இறைவன்.
அழாதீர்கள், அவன் கை பதமான கை.

'பிள்ளை' இருக்கும் இடத்தில் 'தாய்', 'தந்தை' என்று மாற்றிக்கொள்வார். "இது பனியன் துணி மாதிரி தங்கச்சி, இழுத்தா எல்லாருக்கும் வரும்" என்று கண்ணடிப்பார். நானும் சிரித்துத் தொலைப்பேன்.

போன மாதம் அண்ணி போய்ச் சேர்ந்தார். நுரையீரல் கெட்டு, மூச்சுக்குத் திணறித் திணறி. விடுப்பு முடிந்து வந்த அன்றே அண்ணன் உட்கார்ந்து அவருக்கு அட்டை அடித்தார். வெட்டும்போதுதான் வாசித்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

ஒவ்வொரு மூச்சுக்கும் உன்னைக் கூப்பிட்டாள்.
உனக்குக் காது கேட்காது என்று சொல்லமாட்டேன்.
கேட்டுக்கொண்டே இருந்தாய்.
அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்த டீச்சர் வரவேண்டும்! போன வருடம் காய்ச்சலில் மகனைப் பறிகொடுத்து, எங்களிடம் அட்டை அடித்துக்கொண்டு போனவர். முதலாண்டு நினைவுக்கு அட்டை வேண்டுமாம்.

"அதே பாட்டப் போடுங்கண்ணே. அந்தக் கடைசி வரியப் பிடிச்சுக்கிட்டுத்தான் நாள ஓட்டுறேன். அவன் படுத்த எடத்துல கைய வச்சுக்கிட்டு, 'பதமான கை, பதமான கை'ன்னு சொல்லிக்குவேன்."

பேசிக்கொண்டே அண்ணன் மேசைமேல் இருந்த புது அட்டை ஒன்றை எடுத்தார். வாசித்தார்.

"இது யாருக்கு?"

"என் வீட்டுக்காரிக்கும்மா."

"எங்க வீட்டுக்கு ஒரு கடவுள், உங்க வீட்டுக்கு வேற கடவுளா?"

குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

அண்ணனின் முகம் கறுத்துச் சிறுத்துப்போனது. "இல்லம்மா... கேக்குறவங்க மனசு நோகக்கூடாதேன்னு..." ஊருக்கெல்லாம் வார்த்தை அளந்து கொடுத்த மனுஷன்! எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர் அந்தப் பாட்டைக் கிண்டலடித்தபோது சேர்ந்து சிரித்தவள்தானே நானும். வெட்டுகிற மாதிரி பாவனை செய்துகொண்டு, காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

"அப்ப என் புள்ள யார் கையில இருக்கான்? அத மட்டும் சொல்லுங்க."

"தெரியலம்மா" என்றார் அண்ணன். "சத்தியமா எனக்குத் தெரியல."

டீச்சர் அட்டையை மேசைமேல் வைத்தார். அண்ணன் அவசர அவசரமாக அந்தப் பாட்டை உள்ளங்கையால் மூடினார். டீச்சர் அந்தக் கையை மெல்ல நகர்த்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார்.