பதினேழு பேருக்கு ஒரே வரிசை

காலை 10.40. டீக்காகப் பஸ் நிற்கும் பந்தல்குடி சாலையில் முதலில் கண்ணில் படுவது, காதுகுத்து மண்டப வாசலில் குரூப் போட்டோவுக்காக ஒரே வரிசையில் நெருக்கி நிற்கும் பதினேழு ஆண்கள். பின்வரிசைக்காகப் போட்ட பெஞ்சு காலியாக இருக்கிறது. பின்னால் நிற்க யாருக்கும் சம்மதமில்லை. விலகி நின்று எடுக்கவும் இடமில்லை. எதிரே லாரிகள் போகின்றன. போட்டோகிராபர், கிட்டே நின்றாலும் அகலமாகப் பிடிக்கும் மீன்கண் லென்ஸை மாட்டி எடுத்து, லேப்டாப்பில் காட்டுகிறார்.

படத்தில் பதினேழு பேரும் அடங்கியிருக்கிறார்கள். நடுவில் குழந்தையின் அப்பா நிமிர்ந்து நிற்கிறார். ஓரத்தில் தாய்மாமன் வில்லாக வளைந்து, அவரைக் கும்பிடப் போவதுபோல் தெரிகிறார்.

"ஏம்ப்பா, எங்க மச்சானுக்கு நான் எப்பக் குனிஞ்சேன்?"

"லென்ஸு வளைக்குதுண்ணே. நிமித்திரலாம்."

ஒரு பட்டனைத் தட்டுகிறார். வளைவு நேராகிறது, இரண்டு ஓரமும் வெட்டுப்படுகிறது. தாய்மாமன் படத்தில் இல்லை.

"என்னையவே காணோமேய்யா! சீரு கொண்டாந்ததே நாந்தான்."

"நிமித்துனா ஓரம் போயிரும்ணே. நீங்க நாலு பேரு பெஞ்சுல ஏறுனா சாதா லென்ஸுலயே எடுத்துருவேன்."

தாய்மாமன் பெஞ்சைப் பார்க்கிறார். பிறகு மச்சானைப் பார்க்கிறார்.

"குனிஞ்சதே இருக்கட்டும். ஆல்பத்துல எம் பேரை மட்டும் பெருசாப் போடு."

பஸ் கிளம்புகிறது. யாரும் ஏறாத பெஞ்சின் காலில், தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள்.