மேஸ்திரி தனியாகச் சாப்பிட்ட நாட்கள்

கொட்டகையின் நடுவில் ஒரு பனையோலைத் துண்டு, அதன்மேல் ஒரு பிடி கல்லுப்பு. அன்று காலையில் பாத்தியிலிருந்து வாரியது, ஈரம்கூடக் காய்ந்திருக்காது. அதற்கு இரண்டு பக்கமும் வரிசையாகத்தான் மத்தியானம் நாங்கள் சாப்பிட உட்காருவோம். கூழில் உப்புக் குறைந்தவர் கையை நீட்டி ஒரு கல்லை எடுத்துப் போட்டுக்கொள்வார். எழுபதுகளில் மரக்காணம் உப்பளத்தில் தண்ணீர் இறைக்கிற டீசல் என்ஜினை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். என் சொந்த அண்ணன் அங்கேயே மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார். காலனியிலிருந்து வரும் பெண்கள் பலகையால் உப்பை வாரிக் கூடையில் சுமப்பார்கள். எல்லோருக்கும் மேலே மேஸ்திரி. அவரும் எங்கள் ஊர்த் தெருக்காரர்தான்.

மேஸ்திரிக்குக் கருத்து இல்லாத விஷயம் உலகத்தில் கிடையாது. என்ஜின் மக்கர் பண்ணினால், "என்ஜினைக் கண்டுபுடிச்சவன் வெள்ளைக்காரன், அதை உதைச்சு ஓட்டக் கண்டுபுடிச்சவன் நம்மாளு" என்பார். பாலம் கட்டுகிற இன்ஜினியர் முதல் மழைக்குக் குடும்பத்தோடு அந்தப் பாலத்துக்கு அடியில் படுக்கவேண்டும், அப்போதுதான் சிமெண்டு சரியாக விழும் என்பது அவருடைய இன்னொரு முடிவு. சாம்பார் பந்திக்கு, கருவாட்டுக் குழம்பு உயிருக்கு என்பார். வேலையில் யாராவது ஏமாற்றினால், "உப்பு போட்டுத்தான சோறு திங்கிற?" என்று ஒரே போடு. பள்ளிக்கூடம் எட்டிப்பார்க்காத எனக்கு இதெல்லாம் பாடம்மாதிரி. வீட்டுக்குப் போய்த் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பேன்.

அவர் மேஸ்திரியாக வருவதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் கொட்டகைக்குள்ளும் காலனிப் பெண்கள் வெளியே வேலிகாத்தான் மரத்தடியிலும் சாப்பிட்டார்கள். அவர்தான் ஒருநாள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு, "சோத்துக்கு ஏதுடா தெரு? உக்காருங்கடா ஒண்ணா" என்று அதட்டி உட்காரவைத்தார். முதல் சில நாட்கள் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பிறகு பழகிவிட்டது. குழம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வர ஆரம்பித்தது. அண்ணன் மட்டும் ஓரமாகவே உட்காருவார்.

ஒரு கோடையில், பாண்டிச்சேரி போய்வந்த மறுநாளிலிருந்து மேஸ்திரி வரிசைக்கு வரவில்லை. சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிட்டார். கேட்டால் பசியில்லை என்றார், பிறகு தலைவலி என்றார். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ அண்ணன் எழுந்தார். "பாத்தியா, கூப்பிட்டு உக்காரவச்சவருக்கே ஒத்துக்கல. நமக்கு மட்டும் என்னா தலையெழுத்து?" என்று கொட்டகையின் மறுகோடிக்குப் போனார். இன்னும் இரண்டு பேர் பின்னாலேயே போனார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் அவர்களில் பாதிப்பேர் பழையபடி மரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் பெண்களில் மூத்தவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்போம். அவரால் பொறுக்க முடியவில்லை. கருவாட்டுக் குழம்புக் கிண்ணத்தோடு நேராக அம்பாரத்துக்குப் பின்னால் போனார். நானும் எழுந்து பின்னால் ஓடினேன்.

"இந்தாங்க மேஸ்திரி, கொழம்பு."

"வேணாம்மா." அவர் தன் தூக்கைக் கையால் மூடிக்கொண்டார்.

"ஏன், எங்க கொழம்பு இப்ப கசக்குதா? சோத்துக்குத் தெரு கெடையாதுன்னு சொன்ன வாயி எங்க போச்சு?"

"அது இல்லம்மா..."

"எது இல்ல?" என்றவர், அவருடைய கையை விலக்கி, தூக்கிலிருந்து ஒரு பிடிச் சோற்றை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார். ஊர்க்காரர் தூக்கில் காலனிக்காரி கை வைப்பதா! அக்கா இரண்டு தடவை மென்றார். பிறகு மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏங்க, உப்பே இல்லையே."

மேஸ்திரி தலையைத் தூக்கவில்லை. "பிரஷராம். கண்ணுலகூட உப்பைக் காட்டக்கூடாதுன்னுட்டான் டாக்டரு. ஊரையெல்லாம் உப்பு போட்டுத் திங்கிறியான்னு கேட்டவன் நானு. உப்பளத்துல நின்னுகிட்டு இதை எந்த மூஞ்சியோட வெளிய சொல்றது?"

அக்காவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "உப்பில்லாத வாய்க்கே இவ்ளோ ரோஷமா? எழுந்து வாங்க" என்று தூக்கைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கொட்டகைக்கு வந்ததும் நடுவிலிருந்த ஓலையை உப்போடு எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "வேணும்னா இங்க வந்து கேட்டு வாங்குங்க. அவருக்குப் பிரஷரு, உப்பு ஆகாதாம். கண்ணுக்கு முன்னால வேணாம்." மேஸ்திரி கூச்சத்தோடு உட்கார்ந்தார். மரத்தடிக்குப் போன பெண்களும் வந்தார்கள்.

அண்ணன் மறுகோடியிலேயே இருந்தார். நான் வரிசையிலிருந்தே சத்தமாகக் கூப்பிட்டேன். "அண்ணே, அதான் விஷயம் தெரிஞ்சுபோச்சே. அவரு நம்மள ஒதுக்கல, யாரையும் ஒதுக்கல. வா இங்க."

அண்ணன் தூக்கிலிருந்து கண்ணை எடுக்காமல், "அங்க வெயிலு அடிக்குதுடா" என்றார்.

ஒரே கொட்டகை, ஒரே கூரை. கீற்று வேய்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் பக்கம் ஒரு பொட்டு வெயில் கிடையாது. மேஸ்திரி நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார். மேஸ்திரி ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருப்பவர் அன்று குனிந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்து, "நீ சாப்புடுப்பா" என்றார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். எனக்காக இரக்கப்பட்டார். கூடப் பிறந்தவனுடைய பொய்க்கு நான் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தேன். அண்ணன் அந்தப் பருவம் முடியும்வரை வரிசைக்கு வரவில்லை. அவர் விலகக் காரணம் மேஸ்திரி இல்லை, மேஸ்திரி ஒரு சாக்காகக் கிடைக்கும்வரை காத்திருந்தார், அவ்வளவுதான்.

இப்போது அண்ணனுக்கு வயதாகிவிட்டது. கல்யாணப் பந்திக்கு நான்தான் கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன். போன மாதம் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்தேன். பக்கத்து இலைக்கு வந்த காலனிக்காரரைப் பார்த்துவிட்டு, "இங்க ஃபேன் காத்து வரலடா, அந்தப் பக்கம் போலாம்" என்றார். காற்று வராதது நிஜமாகவும் இருக்கலாம், வயதானவர். பக்கத்து இலைக்காரர் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார். அது நன்றாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் இலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன்.