சவுக்கு நட்டது ரம்புட்டானுக்காக

திகனையில் எங்கள் வீடு மேட்டில். பக்கத்து வீடு கொஞ்சம் கீழே. ஜூன் பிறந்தால் மேற்குக் காற்று கதவைத் தட்டுவதில்லை. நேரே உள்ளே வந்து கதிரையில் உட்காரும். எழுதுகிறவனுக்கு அது இன்பம். என் மனைவியின் ஒட்டு ரம்புட்டானுக்கு அது மரணம். காய் சிவக்குமுன் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டுத்தான் ஓயும்.

அவளுக்கு ஒரே ஆசை. எங்கள் ஆட்களின் வழக்கம், தட்டில் எதையாவது கொடுத்தனுப்பினால் அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது. அவளுக்கு அக்கா முறையான கீழ்வீட்டு ராத்தா கொய்யா, ஜம்பு, பப்பாசி என்று அனுப்பிக்கொண்டே இருப்பார். இவள் கடை பிஸ்கட்டை அடுக்கித் திருப்பி அனுப்புவாள்.

"ஒரு தரமாவது எங்கட மரத்துப் பழத்த வச்சு அனுப்போணும்."

காற்றை மறிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கன்று விற்பவர் நாலைந்து வகை காட்டினார். நான் சவுக்கை எடுத்தேன். ஊசியிலைச் சவுக்கல்ல; ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டங்களில் நிழல் தருகிற சில்வர் ஓக். காற்றடித்தால் இலையின் வெள்ளி அடிப்புறம் புரளும். காவலாளியை முக அழகு பார்த்து வேலைக்கு எடுத்த மாதிரி. மேற்கு வேலியோரம், ரம்புட்டானை ஒட்டி, பள்ளியில் ஷைத்தான் நுழைய இடம் விடாமல் தொழுகை வரிசை நிற்பதுபோல் தோளோடு தோள் நட்டேன்.

"இடைவெளி விட்டா என்ன, ஷைத்தானா நுழையப் போறான்?" என்றாள் மனைவி.

"காற்று நுழையும்."

சில வருடங்களில் மரங்கள் சுவராக எழுந்தன. காற்று அதில் முட்டி, மேலே ஏறி, எங்கள் ரம்புட்டானின் தலையில் குதித்துக் கிறுக்குப் பிடித்ததுபோல் சுழன்றது. கீழ்வீட்டை அடைவதற்குள் சாதுவாகிவிட்டது. பின்னேர வெயிலும் எங்கள் மரத்துக்கு இல்லாமல் போயிற்று. அந்த வருடம் எங்கள் மரத்தில் ஒரு காயும் நிற்கவில்லை; ராத்தாவின் ரம்புட்டான் மரம் சிவந்து தொங்கியது. தட்டு வந்தது. முதன்முறையாக ரம்புட்டான்.

"நானா மரம் நட்ட பொறகு மிச்சம் பரக்கத்தா ஈக்குது," என்றார் ராத்தா வேலிக்கு மேலால், என்னை அண்ணனாக்கி.

உள்ளே பிஸ்கட் பக்கெட் கிழிகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது.

மறுநாள் மரம் அறுக்கிற வாளை மனைவி என் மேசையில், எழுதிய தாளின் மேலேயே வைத்தாள்.

"ஒன்டு விட்டு ஒன்டு அறுங்க."

"காற்று வருமே."

"வரட்டும். வடிஞ்சு வரட்டும்."

முதல் மரம் சாய்ந்த சத்தத்துக்கு ராத்தா ஓடிவந்தார். "நானா, என்ட மரத்தயும் கொல்லப் போறீங்களா?"

"ஒங்கட மரத்துக்கு ஒன்டும் ஆகாது ராத்தா," என்றாள் மனைவி. "இத அறுக்காட்டி நீங்க காலம் முழுக்க எங்கட பிஸ்கட்தான் தின்னோணும்."

ராத்தா யோசித்தார். பிறகு விழுந்த கிளையை ஓரமாக இழுக்கத் தொடங்கினார்.

இந்த வருடம் காற்று வடிகட்டிய தேநீர்போல் இறங்கியது. கீழே ராத்தாவின் மரத்தில் போன முறைபோலவே சிவப்பு. எங்கள் மரத்தில் தாழ்ந்த கிளையில் ஒரே ஒரு கொத்து, ஒரு தட்டுக்குச் சரியாக. அத்தனையையும் அடுக்கி, துணி மூடி, அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"எங்களுக்கு?" என்றேன்.

ராத்தாவின் தட்டில் வந்திருந்த பழங்களை என் பக்கம் தள்ளினாள்.

சற்று நேரத்தில் வேலியிலிருந்து குரல் வந்தது. "தங்கச்சி, கொஞ்சம் புளிப்பு!"

"புளிப்பாம்," என்றாள் என்னிடம், பிள்ளை பாஸான செய்தியைச் சொல்வதுபோல்.